ஃபீல்டுக்கு கிளம்ப மனசே வரலையா? பிஎச்டி ஸ்காலர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பர்மிஷன் வரல, பர்மிஷன் வரலன்னு மாசக்கணக்குல புலம்பிட்டு இருந்த ஸ்காலர், அந்த லெட்டர் கைக்கு வந்த அன்னைக்கு சாயங்காலம் மூஞ்சி தொங்கிப்போய் உக்காந்திருப்பாங்க. எங்க டிபார்ட்மென்ட்ல இத நான் நிறைய தடவ பாத்திருக்கேன். அதுவரைக்கும் ஃபீல்ட் ஒர்க், அதாவது களப்பணிங்கறது, ப்ரொபோசல்ல ஒரு பாரா, அவ்ளோதான். இப்ப அது பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு, வாடகை ரூம், அட்டைக்கடி, தெரியாத ஊர்ல தெரியாத மனுஷங்க முன்னாடி போய் நின்னு பேசறதுன்னு ஆயிடுது. கால் பின்னாடி இழுக்கறது சகஜம்.

நான் ஆனமலைல, வால்பாறைய சுத்தித்தான் வேலை பாத்தேன், அதனால உதாரணம் எல்லாம் அங்க இருந்துதான் வரும். நீங்க சோசியாலஜியோ மொழியியலோ ஜியாலஜியோ எதுவா இருந்தாலும் அட்டைக்கு பதிலா வேற ஏதாவது கடிக்கும், மத்தபடி கதை ஒண்ணுதான். ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன், மோட்டிவேஷன் வீடியோ பாத்துட்டு மழைக்காலத்த தாண்டின ஸ்காலர் யாரையும் எனக்கு தெரியாது. ஃபீல்டுல ஊக்கம் போறது பெரும்பாலும் தூக்கம், சோறு, காசு, பேச ஆளு, தெளிவான கேள்வி, இந்த அஞ்சுல ஏதோ ஒண்ணு இல்லாததாலதான். எந்தெந்த கட்டத்துல போகும்னும் ஓரளவுக்கு முன்னாடியே சொல்லிடலாம், அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே அதுக்கு ஏற்பாடு பண்ணி வச்சிடலாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஏற்பாடு பத்திதான்.

1. எது தடுக்குதுன்னு பிரிச்சு எழுதுங்க

"ஃபீல்டுக்கு போக பிடிக்கல"ன்னு மொத்தமா சொல்லிட்டு இருந்தா எதையும் சரி பண்ண முடியாது. ஒரு பேப்பர்ல தனித்தனியா எழுதுங்க. யானை, பாம்பு, அட்டை பயமா? புது ஆளுங்ககிட்ட பேச கூச்சமா? கைல காசு இல்லையா? "பொண்ண தனியா காட்டுக்கு அனுப்பறதா"ன்னு வீட்டுல சண்டையா? இல்ல அங்க போய் என்ன பண்ணப்போறோம்னே தெரியலையா?

நான் பாத்த வரைக்கும் கடைசியா சொன்னதுதான் பாதி பேருக்கு உண்மையான காரணம், ஆனா யாரும் அத வெளிய சொல்ல மாட்டாங்க, யானை பயம்னு சொல்றதுல கௌரவ குறைச்சல் இல்ல பாருங்க. கேள்வி தெளிவா இல்லாம ஃபீல்டுக்கு போனா கண்ணுல படறது எல்லாமே முக்கியமா தெரியும், ஒரு வாரத்துல நோட்டுல ஆயிரம் விஷயம் இருக்கும், எதுக்குன்னு மட்டும் தெரியாது, அங்கதான் மனசு விட்டுப்போகும்.

இதுக்கு ஒரு வேலை இருக்கு, கொஞ்சம் போரடிக்கும், ஆனா பண்ணிடுங்க. தீசிஸ்ல மூணாவது சாப்டர்ல வரப்போற டேபிள இப்பவே காலியா போடுங்க. வரிசைல என்ன, பத்தில என்ன, எத்தன ரோ வேணும்னு எல்லாம். உதாரணமா சோலைக்காட்டு துண்டுகள்ல (எஸ்டேட்டுக்கு நடுவுல தனித்தனியா மிஞ்சின காடு) மரம் எப்படி முளைக்குதுன்னு பாக்கறீங்கன்னா, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிசை, துண்டோட பரப்பு, எஸ்டேட் ரோட்டுல இருந்து தூரம், நாத்து எண்ணிக்கை, இனம் எத்தனன்னு காலியா கோடு போட்டு, சும்மா கற்பனை நம்பர் போட்டு எக்செல்ல ஒரு கிராஃப் வரைஞ்சு பாருங்க (அந்த ஃபைலுக்கு "பொய் டேட்டா"ன்னே பேர் வச்சிடுங்க, பின்னாடி குழப்பம் வரக்கூடாது). அந்த கிராஃப பாத்து "ஆமா இது தெரிஞ்சா நல்லா இருக்கும்"னு உங்களுக்கே தோணணும். தோணலையா, கைடுகிட்ட போய் உக்காருங்க, பஸ் ஏறாதீங்க. தோணிடுச்சுன்னா அந்த காலி டேபிள பிரின்ட் எடுத்து நோட்டு அட்டைல ஒட்டிடுங்க. ஃபீல்டுல "இதெல்லாம் எதுக்கு பண்றோம்"னு ஒரு சாயங்காலம் தோணும் பாருங்க, அன்னைக்கு இது உதவற மாதிரி எந்த பொன்மொழியும் உதவாது.

இன்டர்வியூ எடுக்கறவங்களுக்கும் இதேதான். எஸ்டேட் தொழிலாளர் குடும்பங்கள்ல அடுத்த தலைமுறை ஏன் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகுதுன்னு கேக்கப்போறீங்கன்னா, யாரு யாருகிட்ட, எந்த வயசு, எந்த எஸ்டேட், எத்தன பேருன்னு கட்டம் போட்டு வச்சுக்கோங்க. நெலம மாறினா கட்டத்தையும் மாத்திக்கலாம், ஆனா கட்டமே இல்லாம போகக்கூடாது.

2. பர்மிஷனுக்கு காத்திருக்கற மாசங்கள்

காட்டுக்குள்ள வேலைன்னா முதன்மை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேணும், 1972 வன உயிரினச் சட்டத்துல 28-ஆவது பிரிவுலதான் சரணாலயத்துக்குள்ள ஆராய்ச்சிக்கு போக அவர் அனுமதி கொடுக்கலாம்னு இருக்கு. மிருகத்த பிடிக்கறது, சாம்பிள் எடுக்கறது எல்லாம் தனிக்கதை, அதுக்கு தனியா கேக்கணும், இன்னும் லேட் ஆகும். ஃபைல் சென்னைக்கு போய், அங்க இருந்து புலிகள் காப்பகத்துக்கு கருத்து கேட்டு வந்து, திரும்ப மேல போய்... மாசக்கணக்கு ஆகும்னு மனச தயார் பண்ணிக்கோங்க. அப்ளிகேஷன்ல எந்த ரேஞ்ச், எந்த மாசம், எத்தன பேர், எந்த கருவின்னு துல்லியமா எழுதுனா கேள்வி கேட்டு திரும்பி வர்றது குறையும். ஃபாலோ அப் பண்றப்ப கோவப்படாதீங்க, ஃபைல் நம்பர கைல வச்சுக்கிட்டு பணிவா கேளுங்க, முடிஞ்சா நேர்ல போங்க, ஈமெயில நம்பி உக்காந்திருக்காதீங்க.

இந்த கேப்ல சும்மா இருந்தாதான் ஆபத்து, ஏன்னா ப்ராஜெக்ட் மேல இருந்த ஆசையே ஆறிப்போயிடும். வனத்துறை எல்லைக்கு வெளிய பண்ணக்கூடியத பண்ணுங்க. தனியார் எஸ்டேட்டுக்குள்ள மேனேஜர் ஒத்துக்கிட்டா பழகிப் பாக்கலாம், காம்பஸ்ல இருக்கற மரங்கள வச்சே பிளாட் (செடி, மரம் எண்ணறதுக்கு அளந்து குறிக்கற இடம்) போட்டு கை பழக்கலாம். கோயம்புத்தூர்ல வேளாண் பல்கலைக்கழக வளாகத்துல இந்திய தாவரவியல் ஆய்வகத்தோட தென்மண்டல ஹெர்பேரியம் (காயவச்ச செடி மாதிரிகள் சேத்து வச்சிருக்கற இடம்) இருக்கு, அதே ஊர்ல 1902-ல ஆரம்பிச்ச காஸ் வன அருங்காட்சியகம் இருக்கு, புதுச்சேரில பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் இருக்கு. சமூக அறிவியல் ஆளுங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். பழைய ரெக்கார்டுல உங்க ஏரியா பேரு வர்றத பாக்கறப்ப, நாம போறதுக்கு ரொம்ப முன்னாடியே யாரோ அங்க ஈரத்துல நடந்திருக்காங்கன்னு தெரியறது ஒரு தெம்புதான்.

3. காசு விஷயத்த மூடி வைக்காதீங்க

ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரில இருந்து மாசம் 37,000 ரூபா, ரெண்டு வருஷம் கழிச்சு எஸ்ஆர்எஃப் ஆனா 42,000. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மாசா மாசம் வரும்னு நம்பி ஃபீல்டுக்கு போகாதீங்க. ரெண்டு மூணு மாசம் சேந்தாப்ல நின்னு மொத்தமா வர்றது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஃபெல்லோஷிப்பே இல்லாதவங்க நெலம இன்னும் கஷ்டம், அவங்ககிட்ட போய் பாஸிட்டிவா இருங்கன்னு சொல்றது எனக்கு எரிச்சலா இருக்கும். அவங்களுக்கு நான் சொல்றது சீசன சுருக்குங்க, ஆறு மாசம் தங்கறதுக்கு பதிலா முக்கியமான ரெண்டு மாசம் மட்டும் போற மாதிரி டிசைன மாத்துங்க, அதுல ஒரு அசிங்கமும் இல்ல.

குறைஞ்சது மூணு மாச வாடகை, சாப்பாடு, ஜீப், உதவியாளர் சம்பளம் கைல இருந்தா மட்டும் கிளம்புங்க. இதுல உதவியாளர் சம்பளத்த தனியா எடுத்து வச்சிடுங்க, உங்க ஃபெல்லோஷிப் லேட்டானா அதுக்கு அவர் வீட்டு அடுப்பு என்ன பண்ணும். அப்புறம் பில். ஜீப் ஓட்டற அண்ணன்கிட்ட ஜிஎஸ்டி பில் கேட்டா சிரிப்பாரு. முன்னாடியே ஆபீஸ்ல கேட்டு வவுச்சர் ஃபார்மட் வாங்கி கட்டா பிரின்ட் போட்டு எடுத்துட்டு போங்க, கூடவே ரெவென்யூ ஸ்டாம்ப்பும், 5,000 ரூபாய்க்கு மேல ரசீதுன்னா ஒட்டணும். ஹோட்டல், பெட்ரோல் பங்க் பில்லு எல்லாம் மழை ஈரத்துல எழுத்து மறைஞ்சு வெள்ளைக் காகிதம் ஆயிடும், அன்னன்னைக்கு ராத்திரியே போட்டோ எடுத்துடுங்க. இதெல்லாம் மோட்டிவேஷன் கட்டுரைல எதுக்குன்னு கேக்கலாம், கைக்காசு போட்டு செலவு பண்ணி அது செட்டில் ஆகாம வருஷக்கணக்குல அலையற ஸ்காலர்கிட்ட போய் கேளுங்க, சொல்லுவாங்க.

4. மொதல்ல ஒரு சின்ன டிரிப், டேட்டா இல்லாம

நேரா பெட்டி படுக்கையோட போய் இறங்காதீங்க. மூணு நாலு நாளுக்கு சும்மா போய் பாத்துட்டு வாங்க. டேட்டா எடுக்கறதில்லன்னு கண்டிப்பா முடிவு பண்ணிக்கோங்க, அப்பதான் பதட்டம் இருக்காது.

ஆழியாறு தாண்டினதும் வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு. வயிறு முட்ட சாப்ட்டு பின் சீட்டுல உக்காந்தா ஒம்பதாவது வளைவுலயே பிஎச்டி எதுக்குன்னு தோணும். முன்னாடி உக்காருங்க, இட்லி ரெண்டோட நிறுத்துங்க, போன பாக்காதீங்க. போய் இறங்கினதும் பாக்க வேண்டியது இவ்ளோதான்: ரூம்ல வெந்நீருக்கு என்ன வழி, துணி எங்க காயும், காலைல ஆறு மணிக்கு டீயும் சாப்பாடும் எங்க கிடைக்கும், கடைசி பஸ் எத்தன மணிக்கு, சிக்னல் எந்த இடத்துல வரும், எந்த கம்பெனி சிம்முக்கு வரும், பக்கத்துல அரசு ஆஸ்பத்திரி எங்க. ரேஞ்சர், ஃபாரெஸ்டர், வாட்சர்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் லெட்டர் காப்பி கொடுத்து நேர்ல ஒரு வணக்கம் வச்சிடுங்க. எஸ்டேட் பக்கம்னா மேனேஜர் மட்டும் போதாது, லைன் வீடுகள் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பக்கம் இருக்கற பெட்டிக்கடைக்காரர தெரிஞ்சு வச்சுக்கோங்க, ஊர்ல யாரு எங்க இருக்காங்கன்னு மேனேஜருக்கு முன்னாடி அவருக்கு தெரியும்.

இந்த டிரிப் முடிச்சிட்டு வந்தா பயம் பாதியா குறையும், மீதி பாதி ஒரு ஷாப்பிங் லிஸ்டா மாறிடும். அட்டை சாக்ஸ் ரெண்டு ஜோடி, ரெயின்கோட், டிரை பேக், கேமராவுக்கும் ஜிபிஎஸ்க்கும் சிலிகா ஜெல், பவர் பேங்க், ஹெட் டார்ச், பென்சில். ஜெல் பேனா வேணவே வேணாம், ஒரு தூறல்ல நாள் முழுக்க எழுதினது கரைஞ்சு ஓடிடும்.

5. மொத வாரம், அப்புறம் வர்ற மழை

நிஜமா போய் தங்க ஆரம்பிச்சு நாலஞ்சு நாள் கழிச்சு ஒரு சரிவு வரும். புதுசுங்கற சந்தோஷம் தீர்ந்திருக்கும், பழக்கம் இன்னும் வந்திருக்காது. ராத்திரி ஏழு மணிக்கே ஊர் அடங்கிடும், ரூம்ல தனியா, வெளிய மழை, போன்ல சிக்னல் இல்ல. அந்த நேரத்துல "நான் இதுக்கு லாயக்கில்ல"ன்னு தோணறது உங்களுக்கு மட்டும் இல்ல. ஃபீல்ட் ஒர்க் முறைக்கே பிதாமகர்னு ஆந்த்ரபாலஜி கிளாஸ்ல சொல்லித்தர்ற மாலினோவ்ஸ்கி, முதல் உலகப்போர் சமயத்துல பப்புவா நியூ கினி பக்கம் இருக்கற ட்ரோப்ரியாண்ட் தீவுல இருந்தப்ப எழுதின டைரி, அவர் செத்து 25 வருஷம் கழிச்சு 1967-ல வெளிவந்துச்சு. பாத்தா வீட்டு ஏக்கம், எரிச்சல், வேலைய போட்டுட்டு நாவல் படிச்சது, அந்த ஊர் மக்கள பத்தி அசிங்கமான வார்த்தைகள், எல்லாம் இருக்கு. அவர் திட்டினத நான் நியாயப்படுத்தல. ஆனா அவ்ளோ பெரிய ஆளே கூடாரத்துக்குள்ள நாவலோட ஒளிஞ்சிருக்காருன்னா, உங்களோட ஒரு சோம்பல் சாயங்காலத்துக்கு ஏன் இவ்ளோ குற்ற உணர்ச்சி?

செய்ய வேண்டியது என்னன்னா, மொத ஒரு வாரத்துக்கு டார்கெட்டே வைக்காதீங்க, வழி பழகுங்க, முகம் பழகுங்க. அதுக்கப்புறம் ரெண்டு டார்கெட் வச்சுக்கோங்க, நல்ல நாளுக்கு ஒண்ணு, மோசமான நாளுக்கு ஒண்ணு. நல்ல நாள்னா அஞ்சு பிளாட், மோசமான நாள்னா ஒரே ஒரு பிளாட், இல்ல ஒரே ஒரு இன்டர்வியூ, அதுவும் முடியலன்னா அரை பக்கம் நோட்ஸ். மோசமான நாள் டார்கெட்ட முடிச்சிட்டா அன்னைக்கு நீங்க வேலை பாத்துட்டீங்க, அவ்ளோதான், மனசாட்சிய மூடிட்டு போய் தூங்குங்க. எல்லா நாளும் அஞ்சுன்னு வச்சவங்கதான் மூணு நாள் விட்டுப்போனதும் மொத்தமா விட்டுடறாங்க.

மழை பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும். ஜூன்ல தென்மேற்கு பருவமழை பிடிச்சதுன்னா வால்பாறைல நாள் கணக்கா விடாது, சின்னக்கல்லாறு பக்கம் தமிழ்நாட்டுலயே அதிகமா மழை பெய்யற இடங்கள்ல ஒண்ணு. காலைல போடற சாக்ஸ் நேத்து ஈரமே காயாம ஜில்லுனு இருக்கும், அத கால்ல ஏத்தற அந்த ஒரு நிமிஷம்தான் நாள்லயே கஷ்டமான நிமிஷம்னு சொல்லுவேன், ஏறிட்டா அப்புறம் நடந்துடலாம். அதனால சாக்ஸ மட்டும் எப்படியாவது காய வைங்க, அடுப்புக்கு மேல கொடி கட்டி, பழைய நியூஸ்பேப்பர் ஷூக்குள்ள திணிச்சு, என்ன வேணா பண்ணுங்க. அட்டைக்கு உப்பு, சுண்ணாம்பு, டெட்டால், மூக்குப்பொடின்னு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க, எல்லாமே கொஞ்ச நேரத்துக்கு வேலை செய்யும், மழைல கழுவிட்டு போயிடும். கடிச்சா கடிச்சிட்டு போகுது, வலிக்காது, ரத்தம் கொஞ்சம் நேரம் நிக்காது, அரிப்புதான் ஒரு வாரத்துக்கு உயிர வாங்கும், சொறியாதீங்க, புண்ணாயிடும்.

மழையால வெளிய போக முடியாத நாளுக்குன்னே ஒரு வேலை லிஸ்ட் தனியா வச்சுக்கணும். டேட்டா என்ட்ரி, இன்டர்வியூ எழுத்தாக்கம், போட்டோவுக்கு பேர் போடறது, மெத்தட்ஸ் (வேலைய எப்படி பண்ணோம்ங்கற) பகுதி எழுதறது. மெத்தட்ஸ அங்கயே எழுதிடுங்கன்னு ரெண்டு தடவ சொல்லுவேன், ஊருக்கு வந்தப்புறம் பிளாட்டுக்குள்ள சின்ன சதுரம் எந்த மூலைல இருந்து போட்டோம்னு ஞாபகமே இருக்காது. டேட்டாஷீட் அன்னைக்கு ராத்திரியே போட்டோ எடுத்து ரெண்டு இடத்துல சேவ் பண்ணுங்க. என்ட்ரி வாரக்கணக்குல தேங்கிச்சுன்னா அதுவே தனி பாரமா உக்காந்துக்கும்.

6. கூட நடக்கறவங்க

உங்களோட ஊக்கம் உங்ககிட்ட மட்டும் இல்ல, கூட நடக்கற ஆளுகிட்ட பாதி இருக்கு. ஆனமலைல காடர், மலசர், முதுவர், புலையர்னு அங்கயே வாழற மக்கள் இருக்காங்க, பெரும்பாலும் உதவியாளரா வர்றதும் வேட்டைத் தடுப்பு காவலரா இருக்கறதும் அவங்கதான். மரத்தோட லத்தீன் பேர் உங்களுக்கு தெரியும், அது எந்த மாசம் காய்க்கும், இருவாச்சிப் பறவை எப்ப வந்து தின்னும், எந்த குரங்கு கொட்டைய துப்பும்னு அவருக்கு தெரியும். அண்ணான்னு கூப்பிடுங்க, பேர் சொல்லி ஒருமைல கூப்பிடாதீங்க, வயசுல சின்னவரா இருந்தாலும். பைய தூக்க மட்டும் ஆள் வச்ச மாதிரி நடந்துக்கிட்ட ஸ்காலர்கள் ஃபீல்டுல ரொம்ப தனியா போயிடறாங்க, அது அவங்களுக்கே கடைசி வரைக்கும் புரியறதில்ல.

ஒரு காலைல எப்படி இருக்கும்னா, நீங்க ஜிபிஎஸ்ஸ பாத்துட்டே நடந்துட்டு இருப்பீங்க, இன்னும் நூறு மீட்டர்ல பிளாட். முன்னாடி போற அண்ணன் சட்டுனு நிப்பாரு. கைய பின்னாடி மட்டும் காட்டுவாரு, நில்லுன்னு. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஒண்ணும் கேக்காது. அவரு மூக்க தூக்கி ஒரு இழு இழுப்பாரு, கீழ ஒரு ஈத்தைத் தண்டு (மூங்கில் மாதிரி ஒரு செடி) ஒடிஞ்சு இன்னும் காயாம பச்சையா இருக்கறத கால்ல தொட்டுக் காட்டுவாரு, அப்புறம் "போலாம் சார்"னு திரும்பிடுவாரு. இந்த இடத்துல வாதம் பண்ணாதீங்க. இன்னும் நூறு மீட்டர்தானேன்னு கேக்கவே கேக்காதீங்க. அன்னைக்கு பிளாட் போச்சுன்னா போகட்டும், நோட்டுல "யானை, திரும்பினோம்"னு நேரத்தோட எழுதுங்க, வராத நாளுக்கு காரணம் எழுதி வச்சா பின்னாடி மெத்தட்ஸ்லயும் உதவும், கைடுகிட்ட சொல்லவும் உதவும்.

வால்பாறைல யானை பக்கத்துல இருந்தா தெரியறதுக்கு சிவப்பு லைட் வச்சிருக்காங்க, செல்போன் வழியா எரிய வைக்கறது, எஸ்எம்எஸ் தகவலும் உண்டு. போன உடனே அதுல உங்க நம்பர சேக்க வழி கேளுங்க. இருட்டினதுக்கு அப்புறம் தேயிலைக்குள்ள குறுக்கு வழில நடக்காதீங்க, எவ்ளோ பசிச்சாலும். காட்டுக்குள்ள விட எஸ்டேட் பாதைலதான் நாம அசந்து போய் நடப்போம்.

சம்பளம் சொன்ன தேதில, சொன்ன தொகை. அவர் சொல்லித் தந்த விஷயம் பேப்பர்ல வந்தா அவர்கிட்ட கேட்டு அவர் பேரோட போடுங்க, நன்றிப் பகுதில கடைசி வரில "ஃபீல்டு அசிஸ்டென்ட்களுக்கு நன்றி"ன்னு மொட்டையா போடறது என்ன நியாயம்னு எனக்கு தெரியல.

7. உடம்பு, பாதுகாப்பு

சுருக்கமா சொல்றேன், ஆனா விட்டுடாதீங்க. காட்டு வேலை முடிஞ்சு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு கூட காய்ச்சல் வரலாம். வந்தா டாக்டர்கிட்ட "நான் காட்டுல, புதர்ல வேலை பாத்தேன்"னு மொத வாக்கியமா சொல்லுங்க. ஸ்க்ரப் டைஃபஸ்னு ஒண்ணு இருக்கு, கண்ணுக்கு தெரியாத பூச்சி கடிச்சு வர்றது, உடம்புல எங்கயாவது சிகரெட்ல சுட்ட மாதிரி கருப்பு பொருக்கு இருக்கலாம், அது பெரும்பாலும் அக்குள், இடுப்பு மாதிரி மறைவான எடத்துலதான் இருக்கும். சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின் மாதிரி சாதாரண மருந்துலயே சரியாகும், விட்டா சீரியஸ் ஆகும். நீங்களா மாத்திர வாங்கிப் போடாதீங்க. பாம்பு கடிச்சா கட்டு கட்டறது கீறறது எதுவும் வேணாம், அசையாம வச்சு 108, நேரா அரசு ஆஸ்பத்திரி.

பெண் ஸ்காலர்களுக்கு ஒண்ணு. பாத்ரூம், பீரியட்ஸ் நாள், ரூமுக்கு தாழ்ப்பாள் சரியா இருக்கா, இதெல்லாம் கேக்க கூச்சப்படாதீங்க, மொத டிரிப்லயே கேட்டு முடிச்சிடுங்க. பீரியட்ஸ் வலி இருக்கற நாள மோசமான நாள் டார்கெட்ல வச்சுக்கலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல தேவையில்ல. ஃபீல்டுல யாராவது தப்பா நடந்துக்கிட்டா "அது காம்பஸ்ல நடக்கல, நாங்க என்ன பண்றது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. யுஜிசியோட 2015 விதிகள்ல ஃபீல்ட் டிரிப், கேம்ப், போற வர்ற வண்டி எல்லாமே காம்பஸ் கணக்குலதான் வருது, உள் புகார் கமிட்டிக்கு தாராளமா போகலாம்.

8. கைடு, வீடு, வாட்ஸ்அப்

கைடுக்கு வாரம் ஒரு நாள் மூணு வரி அனுப்புங்க. என்ன முடிஞ்சது, எங்க மாட்டிக்கிட்டேன், அடுத்த வாரம் என்ன. பதில் வருதோ வரலையோ அனுப்பிட்டே இருங்க. "சார் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறாரு"ன்னு மனசு உடையறவங்க நிறைய, ஆனா பல கைடுக்கு நீங்க உயிரோட இருக்கீங்களாங்கறதே இந்த மூணு வரிலதான் தெரியும்.

வீட்டுக்கு போன் பண்ற நேரத்த ஃபிக்ஸ் பண்ணி, "சிக்னல் இல்லாட்டி மறுநாள் காலைல பண்ணுவேன், அதுவரைக்கும் பயப்படாதீங்க"ன்னு கிளம்பும்போதே சொல்லிடுங்க. இல்லன்னா ஒரு ராத்திரி போன் எடுக்கலன்னு அம்மா டிபார்ட்மென்ட் எச்ஓடிக்கே கூப்பிட்டுடுவாங்க. கல்யாணப் பேச்சு ஃபீல்டு சீசன்லதான் கரெக்டா ஆரம்பிக்கும், அதுக்கு என்கிட்ட வழி இல்ல.

லேப் வாட்ஸ்அப் குரூப்ப மியூட்ல போடுங்க. நீங்க ஈர சாக்ஸோட உக்காந்திருக்கறப்ப ஒருத்தர் "பேப்பர் அக்செப்டட்"னு போடுவாங்க, எல்லாரும் பார்ட்டி ஸ்டிக்கர் போடுவாங்க. ஞாயித்துக்கிழமை மொத்தமா பாத்து ஒரே வாழ்த்தா சொல்லிக்கலாம்.

9. பாதில நிறுத்திப் பாருங்க

சீசன் நடுவுல கண்டிப்பா ஒரு பிரேக் எடுத்து ஊருக்கு போங்க, அதுவும் பிளான்ல இருக்கணும், உடைஞ்சுபோய் ஓடி வர்ற மாதிரி இருக்கக்கூடாது. அப்ப அந்த காலி டேபிள எடுத்து எவ்ளோ நிரம்பியிருக்குன்னு பாருங்க. ஏதாவது ஒரு பத்தி நிரம்பவே போறதில்லன்னு தெரிஞ்சா இப்பவே தூக்குங்க. யுஜிசி 2022 விதிப்படி ஒவ்வொரு செமஸ்டரும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன்னாடி நிக்கணும், அங்க "ஃபீல்டுல நெலம இப்படி இருக்கு, அதனால கேள்விய இப்படி மாத்தறேன்"னு டேட்டாவோட சொன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. அதே விதில மொத்த காலம் 6 வருஷம், மறுபதிவு பண்ணா இன்னும் 2 வருஷம், பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல மாற்றுத்திறன் உள்ளவங்களுக்கும் அதுக்கு மேலயும் 2 வருஷம் சலுகை, பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை லீவு. ஒரு சீசன் போச்சுன்னா வாழ்க்கை போச்சுன்னு நினைக்கறதுக்கு முன்னாடி இந்த கணக்க போட்டுப் பாருங்க.

ஊக்கம் குறையறதும் மனச்சோர்வும் வேற வேற. ஊருக்கு வந்து நல்லா தூங்கி சாப்ட்டும் ரெண்டு வாரமா எதுலயும் நாட்டம் வரல, காரணமில்லாம அழுகை வருது, செத்துடலாம்னு தோணுதுன்னா அது இந்த வழிகாட்டிக்குள்ள அடங்காது, டாக்டர பாக்கணும். 2018-ல வெளிவந்த, 26 நாடுகள்ல 2,279 பிஎச்டி, முதுநிலை மாணவர்கள்கிட்ட எடுத்த ஒரு சர்வேல 39 சதவீதம் பேர் மிதமானதுல இருந்து கடுமையான மனச்சோர்வு அளவுல இருந்தாங்க. விருப்பப்பட்டவங்க மட்டும் நிரப்பின சர்வேதான், அதனால நம்பர கொஞ்சம் குறைச்சே எடுத்துக்கோங்க, ஆனாலும் நீங்க தனி ஆள் இல்ல. அரசோட டெலி மானஸ் நம்பர் 14416, 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

10. திரும்பி வந்தப்புறம்

ஃபீல்டு முடிஞ்சா சந்தோஷமா இருக்கும்னு எல்லாரும் நினைப்பாங்க, ஆனா வந்து ஒரு வாரத்துல இன்னொரு சரிவு. அங்க தினமும் நடந்து களைச்சு தூங்கினவங்க, இங்க சேர்ல உக்காந்து ஸ்ப்ரெட்ஷீட்ட முறைச்சிட்டு இருப்பாங்க. அந்த பொய் டேட்டா கிராஃப் இருக்கு பாருங்க, அதுல நிஜ நம்பர போடறதுதான் வந்ததும் செய்ய வேண்டிய மொத வேலை, க்ளீன் பண்ணாட்டியும் பரவால்ல, குத்துமதிப்பா போட்டுப் பாருங்க. எதிர்பார்த்ததுக்கு நேர்மாறா வந்தா அன்னைக்கு ராத்திரி தூக்கமே வராது, நல்ல விதமாத்தான் சொல்றேன்.

அப்புறம் மூணு கடன் இருக்கு, தள்ளிப்போடாதீங்க. அட்வான்ஸ் வாங்கியிருந்தா பில் எல்லாம் ஒட்டி செட்டில்மென்ட் போடுங்க. பர்மிஷன் லெட்டர்ல ரிப்போர்ட் கொடுக்கணும்னு நிபந்தனை இருக்கும், அத தேதிக்குள்ள கொடுங்க, நீங்க கொடுக்காம விட்டா உங்களுக்கு அப்புறம் கேக்கற ஜூனியருக்குதான் கதவு சாத்தும். பேசினவங்க, கூட நடந்தவங்ககிட்ட என்ன கண்டுபிடிச்சீங்கன்னு தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதி, போட்டோ பிரின்ட் போட்டு, நேர்ல போய் கொடுங்க. அப்படி போறப்பவே அடுத்த சீசனுக்கு ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துடுங்க, ஏப்ரல் மே வந்துச்சுன்னா டூரிஸ்ட் கூட்டத்துல வால்பாறைல நமக்கு கட்டுப்படியாகற வாடகைக்கு ஒரு கட்டில் கூட கிடைக்காது.